பல் போன இடம் சும்மா இருக்காது

என் கீழ்த்தாடையில் இரண்டு இம்ப்ளான்ட் பற்கள், அதாவது தாடை எலும்புக்குள் ஒரு திருகைப் பதித்து அதன்மேல் மாட்டும் பற்கள், இருக்கின்றன. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. இரண்டும் கடைவாய்ப்பல். இரண்டையும் வைத்தது ஒரே டாக்டர், ஒரே நாற்காலியில். இடது பக்கம் பல் எடுத்ததிலிருந்து புதுப்பல் மாட்டும்வரை எட்டு மாதம். வலது பக்கத்து வேலைக்கு மட்டும் பதின்மூன்று மாதம் ஆனது, செலவு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஏன் என்றால், வலது பக்கப் பல்லை எடுத்தபிறகு அந்த இடத்தைப் பதினோரு வருடம் நான் அப்படியே விட்டுவிட்டேன். பல் எடுத்துவிட்டு "பின்னாடிதானே, யார் பார்க்கப் போகிறார்கள்" என்று இருப்பவர்களுக்கு இதை எழுதுகிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன்.

திருச்சி உறையூரில் வீட்டிலேயே தையல் தைக்கிறேன். முப்பது வருடம் ஆகிறது. 2011ல் வலது பக்கம் கீழே ஒரு பல் சொத்தையாகி, தூங்க விடாமல் வலித்தது. பல் டாக்டரிடம் போனேன். வேர் சிகிச்சை செய்தால் பல்லைக் காப்பாற்றலாம் என்றார். இரண்டு சிட்டிங்கில் வலி நின்றுவிட்டது. தீபாவளிக்கு முந்தைய மாதம் அது. ரவிக்கைகள் மலைபோல் குவிந்து கிடந்தன. வலி நின்றதும் நானும் போவதை நிறுத்திவிட்டேன். வேர் சிகிச்சை செய்த பல்லுக்குள் ரத்த ஓட்டம் இருக்காது, குடைந்து எடுத்திருப்பதால் பலமும் குறைந்திருக்கும், மேலே கேப் என்ற உறை போடாவிட்டால் உடைந்துவிடும் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. ஆறு மாதத்தில் பல் நடுவில் பிளந்தது. பிடுங்கிவிட்டார்கள். "வேணும்னா அப்புறம் பல் கட்டிக்கலாம்" என்று ஒரு வார்த்தை சொன்னார்கள். கட்டாவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

என்ன ஆகும் என்பதைப் பத்து வருடம் கழித்துக் கண்ணாடியில் பார்த்தேன். இடைவெளிக்குப் பின்னால் இருந்த பல், பஸ்ஸில் தூங்கி விழுகிறவர் பக்கத்து ஆள்மேல் சாய்வதுபோல முன்னால் சாய்ந்திருந்தது. நேர் மேலே இருந்த பல், கடிக்க எதிர்ப்பல் இல்லாததால் கீழே இறங்கியிருந்தது. மென்பதெல்லாம் இடது பக்கமாகவே போனதால் அந்தப் பக்கத்துப் பற்கள் தேய்ந்திருந்தன. 2022 ஜூலையில் ஒரு தட்டையைக் கடித்தேன். இடது பக்கத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். விரிசல் வேர்வரை போயிருந்தது, காப்பாற்ற வழியில்லை. ஒரு பக்கம் பல் இல்லாததை மறு பக்கம் பத்து வருடம் சுமந்து, கடைசியில் அதுவும் போனது.

இந்த முறை போனது வேறொரு டாக்டரிடம். சின்ன வயதுப் பெண். பல்லை எடுத்துப் பஞ்சைக் கடிக்கச் சொல்லிவிட்டு, நான் பேச முடியாமல் உட்கார்ந்திருந்தபோதே சொன்னார்: "அம்மா, இந்தக் குழி ஆறும்போது எலும்பு சுருங்கும். முதல் வருஷத்துல எலும்போட அகலத்துல பாதி வரைக்கும் போயிடும். அதுலயும் பெரும்பகுதி முதல் மூணு மாசத்துலயே போயிடும். பல் வைக்கிறதா வேண்டாமான்னு இப்பவே யோசிங்க."

எனக்கு அது உடனே புரிந்தது. காடாத் துணியைத் தண்ணீரில் நனைத்தால் முதல் நனைப்பில்தான் அதிகம் சுருங்கும். அதனால்தான் நனைத்துக் காயவைக்காமல் லைனிங் வெட்டமாட்டோம். தாடை எலும்பும் அப்படித்தான். பல்லின் வேர் கடிக்கும்போது கொடுக்கும் அழுத்தம்தான் அந்த எலும்புக்கு வேலை. வேலை இல்லாத எலும்பை உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுகிறது.

பல் வைக்க மூன்று வழி சொன்னார். கழற்றி மாட்டுகிற பல், பிரிட்ஜ், இம்ப்ளான்ட். கழற்றி மாட்டுவது மலிவு, உடம்பு முடியாதவர்களுக்கும் ஒத்துவரும். ஆனால் அடியில் உணவு சேரும், எலும்பு கரைவதும் நிற்காது. பிரிட்ஜ் என்றால் இரண்டு பக்கத்துப் பல்லையும் சுற்றிலும் ராவிச் சின்னதாக்கி, மூன்று பல்லாக ஒட்டிய ஒரே கேப்பை மேலே மாட்டுவார்கள். இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும். பக்கத்துப் பற்கள் ஏற்கெனவே கேப் போட்டவையாக இருந்தால் பிரிட்ஜ் நல்ல முடிவுதான் என்று அவரே சொன்னார். எனக்கு இடது பக்கத்தில் இரண்டு பக்கப் பற்களும் ஒரு குறையும் இல்லாதவை. போன ஒரு பல்லுக்காக நல்ல பல் இரண்டை ராவ மனசு வரவில்லை.

சரி, இம்ப்ளான்ட் என்று முடிவு செய்தேன். அப்போது என் நாத்தனார், ஒரே நாளில் பல் வைத்துத் தருவதாக விளம்பரம் போட்ட வேறொரு இடத்துக்கு அழைத்துப் போனார். பெயர் வேண்டாம். அங்கே ஒரு சின்ன எக்ஸ்ரே எடுத்தார்கள். அடுத்த வாரம் வாருங்கள், இன்றைக்கே அட்வான்ஸ் கட்டினால் தள்ளுபடி என்றார்கள். சுகர் இருக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு ஆறு வருடமாகச் சுகர். அன்றைக்கே பல் மாட்டும் முறை உண்மையில் இருக்கிறது. எலும்பு கெட்டியாக இருந்து, திருகு நல்ல இறுக்கத்தோடு உட்கார்ந்தால், சிலருக்கு அன்றே தற்காலிகப் பல் வைப்பார்கள். ஆனால் யாருக்கு அது ஒத்துவரும் என்று பார்க்காமலே தேதி கொடுப்பது வேறு விஷயம். நான் அட்வான்ஸ் கட்டாமல் எழுந்து வந்துவிட்டேன். பல்லை எடுத்த அதே டாக்டரிடம் திரும்பிப் போனேன்.

அவர் முதலில் கேட்டது ரத்தப் பரிசோதனை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி எனக்கு 8.6 இருந்தது. "இதை 7 பக்கம் கொண்டுவந்துட்டு வாங்க, அப்புறம் கை வைக்கிறேன்" என்றார். சுகர் ஏறி இருந்தால் புண் ஆறுவது தாமதமாகும், கிருமி தொற்றும், எலும்பு திருகைப் பிடிக்காமல் போகலாம். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஆனால் குழி ஆறக் காத்திருக்க வேண்டிய மூன்று மாதமும் இதற்கே பயன்பட்டது. சுகர் டாக்டரிடம் மாத்திரையை மாற்றிக்கொண்டேன். ராத்திரிச் சோற்றைக் குறைத்து, காலையில் நடந்தேன். அக்டோபர் கடைசியில் 6.9.

அவர் கேட்ட இன்னொரு கேள்வியை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். "எலும்பு அடர்த்தி குறையுற எலும்புப்புரைக்கு மாத்திரையோ, வருஷத்துக்கு ஒரு தடவை போடுற ஊசியோ எடுக்கிறீங்களா?" நான் எடுப்பதில்லை. ஆனால் என் வயதுப் பெண்கள் நிறையப் பேர் எடுக்கிறார்கள், அதற்கும் பல்லுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று நினைக்கமாட்டார்கள். அந்த வகை மருந்துகள் சிலவற்றால், பல் பிடுங்கினாலோ தாடையில் துளை போட்டாலோ எலும்பு ஆறாமல் செத்துப்போகும் அபாயம் உண்டு. எல்லாருக்கும் அப்படி ஆகாது, எந்த மருந்து, எத்தனை நாளாக என்பதைப் பொறுத்தது. டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லிவிடுங்கள். புகை பிடிப்பவர்களுக்கும் இதேதான். புகை பிடிக்காதவர்களோடு ஒப்பிட்டால் அவர்களுக்கு இம்ப்ளான்ட் தோற்கும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு.

அப்புறம் சிபிசிடி ஸ்கேன். தாடையை ஒரு தாங்கியில் வைத்து அசையாமல் நின்றால், மெஷின் தலையைச் சுற்றி வரும். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பின் உயரம் மட்டும்தான் தெரியும், அகலம் தெரியாது. இதில் எலும்பை ரொட்டித் துண்டுபோல் நறுக்கி நறுக்கிப் பார்க்கலாம். கீழ்த்தாடைக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. கீழ் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி கொடுப்பது அதுதான். திருகின் நுனிக்கும் அந்த நரம்புக்கும் நடுவில் குறைந்தது 2 மில்லிமீட்டராவது விட வேண்டும். மேல்தாடையில் இதேபோல் சைனஸ் என்ற காற்றறை குறுக்கே வரும். கம்ப்யூட்டரில் என் நரம்பைச் சிவப்புக் கோடாக வரைந்து காட்டி, எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்து சொன்னார். அந்த அளவைப் பார்த்தபிறகுதான் எனக்குப் பயம் போனது. ஸ்கேன் எடுக்காமல் கீழ்க் கடைவாயில் திருகு போடுகிறேன் என்று யாராவது சொன்னால், நான் அந்த நாற்காலியில் உட்காரமாட்டேன்.

நவம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. இட்லி சாப்பிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டுதான் போனேன். மரத்துப்போக ஊசி போட்டார். உதடு தடித்துப் போனதும் அந்தத் திருகை எடுத்துக் காட்டினார். 4.5 மில்லிமீட்டர் அகலம், 10 மில்லிமீட்டர் நீளம். என் தையல் மெஷினில் ஃபுட்டைப் பிடித்து நிறுத்தும் திருகு ஒன்று உண்டு, கிட்டத்தட்ட அவ்வளவுதான். மரையும் அதேபோல் சுற்றிச் சுற்றி ஓடியது. பளபளப்பு மட்டும் இல்லை. எலும்பு பற்றிக்கொள்வதற்காக மேற்பரப்பைச் சொரசொரப்பாகச் செய்திருக்கிறார்கள்.

துளை போடும்போது வலி இல்லை. தாடை அதிர்வது மட்டும் தெரிந்தது. வாயில் உப்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள், பக்கத்தில் நின்ற பெண் உறிஞ்சிக்கொண்டே இருந்தார். எலும்பு 47 டிகிரிக்கு மேல் ஒரு நிமிடம் சூடானாலே அந்த இடத்துச் செல்கள் செத்துவிடும், செத்த எலும்பு திருகைப் பிடிக்காது. அதனால்தான் மெதுவாக, நிறுத்தி நிறுத்தி, மெல்லிய துளையில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்குகிறார்கள். நாற்பது நிமிடத்தில் தையல் போட்டு முடித்துவிட்டார். உண்மையாகச் சொல்கிறேன், பல் பிடுங்கியபோது பட்ட அவஸ்தையில் பாதிகூட இதில் இல்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு டாக்டரே போன் செய்தார். "உதடு திரும்பி வந்துதா அம்மா?" மத்தியானமே வந்துவிட்டது என்றேன். மரப்பு ஊசியின் நேரம் முடிந்த பிறகும் உதடோ மோவாயோ மரத்தே இருந்தால் நரம்பில் அழுத்தம் இருக்கலாம், நாள் கடத்தாமல் உடனே சொல்ல வேண்டும், அதற்காகத்தான் கேட்டேன் என்றார். அந்த ஒரு போனுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாள்தான் அதிகம். முதல் நாள் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி விட்டு விட்டு வைத்தேன். பலமாகத் துப்பவும் கொப்பளிக்கவும் கூடாது என்றார்கள். ஒரு வாரம் ஆறிய ரசம் சாதம், தயிர் சாதம், இட்லி. பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள். வெற்றிலை, புகையிலை பழக்கம் உள்ளவர்கள் அதை அன்றோடு விட்டால் நல்லது.

பிறகு மூன்று மாதக் காத்திருப்பு. இது பலருக்குப் பொறுமையைச் சோதிக்கும். ஆனால் முழு வேலையும் அந்த மூன்று மாதத்தில்தான் நடக்கிறது. திருகு செய்யப்பட்ட டைட்டானியம் என்ற உலோகத்தோடு எலும்பு ஒட்டிப் பிணைந்துகொள்ளும் இந்தக் குணத்தைக் கண்டுபிடித்தவர் பெர்-இங்வார் பிரோனமார்க் என்ற ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர். 1952ல் முயலின் கால் எலும்புக்குள் டைட்டானியக் குழாய் ஒன்றை வைத்து ரத்த ஓட்டத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். ஆராய்ச்சி முடிந்து கழற்றப் பார்த்தால் குழாய் வரவில்லை, எலும்போடு ஒன்றாகிவிட்டிருந்தது. 1965ல் யோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் முதன்முதலாக வைத்தார். தாடைக் குறையோடு பிறந்த அவர் 2006ல் இறக்கும்வரை, நாற்பது வருடம், அந்தப் பற்கள் அவருக்கு உழைத்தன. காத்திருந்த நாட்களில் டாக்டர் இதைச் சொன்னபோது எனக்குத் தெம்பாக இருந்தது. மேல்தாடை எலும்பு மென்மையானது என்பதால் அங்கே நான்கு முதல் ஆறு மாதம்கூட ஆகும்.

2023 பிப்ரவரியில் ஈறை லேசாகத் திறந்து, திருகின் மேல் ஒரு சின்ன மூடியை மாட்டினார்கள். ஈறு அதைச் சுற்றி வளைந்து உருவம் பெறுவதற்காக. நாக்கால் தொட்டால் சட்டைப் பட்டன்போல் இருந்தது. இரண்டு வாரத்தில் அளவு எடுத்தார்கள். மார்ச்சில் ஜிர்கோனியா என்ற வெள்ளைப் பீங்கான் வகைக் கேப் வந்தது. நீலக் காகிதத்தை வைத்துக் கடிக்கச் சொல்லி, எங்கே மை படுகிறதோ அங்கே ராவி, மறுபடி கடிக்கச் சொல்லி, மறுபடி ராவி. கார்பன் காகிதம் வைத்துத் துணியில் டிசைன் எடுப்பதுபோலவே இருந்தது. இந்த வேலைக்கு மட்டும் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். நம் சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிய நார் மெத்தை ஒன்று இருக்கிறது. கடிக்கும்போது பல் துளி அமிழும், சோற்றில் சின்னக் கல் இருந்தாலும் சுருக்கென்று சொல்லிவிடும். இம்ப்ளான்ட்டுக்கு அந்த மெத்தை கிடையாது. அமிழவும் அமிழாது, சொல்லவும் சொல்லாது. அதனால் கடி உயரமாக இருந்தால் நமக்குத் தெரியாமலே திருகின் மேல் பாரம் ஏறிக்கொண்டிருக்கும். கேப் மாட்டும் நாளில் அவசரப்படாதீர்கள். "இன்னும் ஒரு தடவை பாருங்க டாக்டர்" என்று தயங்காமல் கேளுங்கள்.

இடது பக்கம் இப்படி முடிந்தது. அடுத்த மாதமே வலது பக்கம் ஆரம்பித்தோம்.

அங்கே ஸ்கேனில் எலும்பின் அகலம் 4 மில்லிமீட்டர்தான். 4 மில்லிமீட்டர் திருகு வைத்தால் அதைச் சுற்றி இரு பக்கமும் ஒன்றரை மில்லிமீட்டராவது எலும்பு வேண்டும். துணியே இல்லாத இடத்தில் பட்டன் எப்படித் தைப்பது? முதலில் எலும்புத் தூள் வைத்து அகலத்தைக் கூட்ட வேண்டும் என்றார். பெரும்பாலும் பயன்படும் தூள் மாட்டெலும்பிலிருந்து பதப்படுத்தி எடுப்பது, செயற்கையாகச் செய்ததும் உண்டு, எது சம்மதம் என்று என்னைக் கேட்டார். கேட்டது எனக்குப் பெரிய மரியாதையாகப் பட்டது. எங்கள் வீட்டுப் பழக்கத்துக்கு மனசு ஒப்பாததால் செயற்கைத் தூள் போதும் என்றேன். உங்களிடம் கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

2023 ஏப்ரலில் தூளை வைத்து, மேலே ஒரு மெல்லிய சவ்வைப் போர்த்தித் தைத்தார்கள். இந்த முறை வீக்கம் கண் கீழ்வரை வந்தது, ஐந்து நாள் மெஷினில் உட்கார முடியவில்லை. ஏழு மாதம் காத்திருந்து நவம்பரில் திருகு. அதற்குள் கீழிறங்கியிருந்த மேல்பல்லை ராவ வேண்டியிருந்தது, ராவியதில் கூச்சம் எடுத்து, அதற்கு வேர் சிகிச்சையும் கேப்பும் தனியாக. சாய்ந்திருந்த பின்பல்லின் முன்பக்கத்தையும் கொஞ்சம் தேய்த்தார்கள். வலது பக்கக் கேப் மாட்டியது 2024 மே மாதம். இடது பக்கத்துக்கு ஸ்கேன் முதல் கேப் வரை எனக்கு ஆனது 34,000 ரூபாய். வலது பக்கத்துக்கு எல்லாம் சேர்த்து 65,000. ஒரே வாய், ஒரே எலும்பு, இரண்டு கணக்கு.

விலை ஊருக்கு ஊர், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஸ்விட்சர்லாந்து, ஸ்வீடன் கம்பெனிகளின் திருகுகள் விலை கூடுதல், கொரியா, இஸ்ரேல் கம்பெனிகளின் திருகுகள் குறைவு. எனக்கு வைத்தது கொரியத் திருகு. பேசும்போது, சொல்லும் தொகைக்குள் என்னென்ன அடங்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிடுங்கள். சில இடத்தில் திருகுக்கு மட்டும் விலை சொல்வார்கள். நடுவில் வரும் இணைப்புத் துண்டு, கேப், ஸ்கேன், எலும்புத் தூள் எல்லாம் பிறகு ஒவ்வொன்றாக முளைக்கும். விபத்தில் பல் போனால் தவிர, வழக்கமான மருத்துவக் காப்பீட்டில் இது பொதுவாக வராது. பணம் இடிக்கிறது என்றால் பல் மருத்துவக் கல்லூரிகளை விசாரித்துப் பார்க்கலாம். பேராசிரியர்கள் மேற்பார்வையில் மேற்படிப்பு மாணவர்கள் செய்வார்கள், செலவு குறையும், நடை அதிகமாகும். அரசுக் கல்லூரிகள் சென்னையிலும் சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் இருக்கின்றன.

வேலை முடிந்ததும் வாங்க வேண்டியது ஒன்று உண்டு. திருகின் பெட்டியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். கம்பெனி பெயர், அளவு, தயாரிப்பு எண் எல்லாம் அதில் இருக்கும். அதை ஒரு அட்டையில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் திருப்புளி வேறு, உள் அளவு வேறு. பத்து வருடம் கழித்து வேறு ஊரில் வேறு டாக்டர் பார்க்க நேர்ந்தால், அந்த அட்டை இல்லாமல் திண்டாடுவார். என்னுடையது மெஷின் டிராயரில், பாபின் டப்பாவுக்கு அடியில் இருக்கிறது.

2024 மார்ச்சில் எனக்கு ஒரு பயம் வந்தது. இடது பக்கக் கேப் லேசாக ஆடியது. நாக்கால் தள்ளினால் துளி நகர்ந்தது. இம்ப்ளான்ட் தோற்றுவிட்டது, பணமும் போச்சு, எலும்பும் போச்சு என்று அன்றிரவு முழுக்க அழுதேன். என் வீட்டுக்காரர்தான் காலையில் முதல் ஆளாக அழைத்துப் போனார். டாக்டர் கேப்பின் மேல் இருந்த சின்ன அடைப்பை எடுத்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். எலும்பில் இருக்கும் திருகு அசையவே இல்லை. அதையும் கேப்பையும் இணைக்கும் உள்திருகு மட்டும் தளர்ந்திருக்கிறது. புதுத் திருகு போட்டு, இறுக்கத்தை அளக்கும் திருப்புளியால் இறுக்கி, அடைத்துவிட்டார். இருபது நிமிடம்.

கேப்பை ஒட்டாமல் திருகால் மாட்டியிருந்ததால்தான் இது இவ்வளவு சுலபமாக முடிந்தது. சிமென்ட் வைத்து ஒட்டியிருந்தால் கேப்பையே உடைக்க நேர்ந்திருக்கலாம். ஒட்டும்போது ஈறுக்குள் வழியும் சிமென்ட்டும் பிற்பாடு தொல்லை கொடுக்கும். திருகுகிற வகை வைக்க முடியுமா என்று ஆரம்பத்திலேயே கேளுங்கள். ஆட்டம் தெரிந்தால் அந்தப் பக்கம் மெல்லாமல் உடனே போங்கள். ஆட்டத்தோடு மென்றால் உள்திருகு உடைந்து உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

பராமரிப்பு பற்றி எனக்கு இருந்த தப்பான எண்ணம், இது உலோகம்தானே, சொத்தை வராதே என்பது. சொத்தை வராது, உண்மைதான். ஆனால் சுற்றியுள்ள ஈறில் அழுக்குப் படிந்தால் ஈறு வீங்கி, அது எலும்புவரை இறங்கி, திருகைச் சுற்றி எலும்பு கரைந்துவிடும். நரம்பு இல்லாத பல் என்பதால் வலித்து எச்சரிக்காது. துலக்கும்போது ரத்தம் வருவதுதான் முதல் அறிகுறி. என் இடது பக்கக் கேப்புக்கும் அதற்கு முன்னால் உள்ள பல்லுக்கும் நடுவில் கீரை நார், தேங்காய்த் துருவல் மாட்டும். கையில் எப்போதும் ஊசியும் குண்டூசியும் இருக்கிற தொழில், பழக்கதோஷத்தில் அதால் குத்தி எடுத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் கையைப் பிடித்துச் சொன்னார், ஊசி, சேஃப்டி பின் எதுவும் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று. இப்போது பல்லிடுக்குப் பிரஷ் ஒன்று, பாட்டில் கழுவும் பிரஷ்ஷின் குட்டிபோல இருக்கும், தினமும் ராத்திரி விட்டு எடுக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சுத்தம் செய்யப் போகிறேன், வருடத்துக்கு ஒரு எக்ஸ்ரே.

என்னைப் பார்த்துத்தான் அம்மாவுக்கும் ஆசை வந்தது. அம்மாவுக்கு 79 வயது. பற்கள் எல்லாம் போய்ப் பத்து வருடமாகப் பல்செட்டு. மேல்செட்டு அண்ணத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். கீழ்செட்டுக்குப் பிடித்துக்கொள்ள இடமே இல்லை, நாக்கு அசைந்தாலே எழும்பும். அம்மா சாப்பிடும்போது அதைக் கழற்றி டம்ளரில் போட்டுவிடுவார். விருந்தாளி வந்தால் வாய்க்குள் மாட்டிக்கொண்டு, பேசாமல் இருப்பார். பேச்சு பிடித்த மனுஷி, பேசாமல் இருப்பதைப் பார்க்க எனக்கு என்னவோ செய்யும். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று எங்களுக்குச் சொல்லிச் சொல்லி ஊட்டியவர், எல்லாவற்றையும் மிக்ஸியில் அரைத்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

எல்லாப் பல்லுக்கும் திருகு வேண்டியதில்லை, கீழ்த்தாடையின் முன்பக்கத்தில் இரண்டு போதும் என்றார் டாக்டர். நரம்பு வெளியே வரும் இடத்துக்கு முன்னால் இருப்பதால் அங்கே அபாயம் குறைவு, வயதானவர்களுக்கும் அந்த இடத்தில் எலும்பு மிஞ்சியிருக்கும். கீழே பல்லே இல்லாதவர்களுக்கு இரண்டு இம்ப்ளான்ட்டில் மாட்டும் செட்டுதான் முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று 2002லேயே கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் சொல்லியிருக்கிறார்கள். அம்மா இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். பல் வைக்கிறோம் என்று நாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. இதய டாக்டருக்கு இவர் கடிதம் எழுதினார், நிறுத்த வேண்டாம் என்று பதில் வந்தது, நிறுத்தாமலே செய்தார். ரத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கசிந்தது, பஞ்சை வைத்து அழுத்தியதில் நின்றது.

திருகின் தலையில் ஒரு குமிழ், செட்டின் அடியில் அதற்கேற்ற கிண்ணம். ரவிக்கையில் நாங்கள் தைக்கும் டிச் பட்டன்தான், வேறொன்றும் இல்லை. உள்ளே ஒரு சின்ன வளையம் இருக்கும், வருடத்துக்கு ஒரு தடவை போலத் தேய்ந்து பிடி தளரும், மாற்றிக்கொள்ளலாம், செலவு குறைவு. மாட்டிய அன்றே அம்மா பொரிவிளங்காய் உருண்டை கேட்டார். டாக்டர் அதற்கு மட்டும் சம்மதிக்கவில்லை. அம்மா விடவில்லை. வீட்டுக்கு வந்து உலக்கையால் தட்டிப் பொடியாக்கி, நிதானமாக, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மென்று சாப்பிட்டார். இப்போது விருந்தாளி வந்தால் எங்களை யாரையும் பேச விடுவதில்லை.

செட்டை ராத்திரி கழற்றிக் கழுவித் தண்ணீரில் போட்டுவிட வேண்டும், ஈறுக்கு ஓய்வு வேண்டும். பத்து மணிக்கு அம்மாவின் அறையிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அதைக் கேட்டதும் நானும் மெஷினை மூடிவிட்டு, என் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போவேன்.